ஒற்றர் படமும் அரசியலும்: ‘ஒரு நாசி ஒற்றனின் வாக்குமூலங்கள்’ பற்றிய ஒரு நோக்கு

ஒற்றர் கதையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பொதுவாகப் பொழுதுபோக்குச் சாதனங்கள் என்ற அளவிலேயே மதிப்பிடப்படுகின்றன. மறைகுறிகள், பொய்க் கடவுச்சீட்டுகள், இருளிற் பின்தொடரும் உருவங்கள் என்பனவே அவற்றின் உள்ளடக்கம் என்ற எண்ணம் வலுவாக உள்ளது. சமூகப் பிரச்சினைகளை நேரடியாகப் பேசும் படங்களுக்குக் கிடைக்கும் ஆய்வுக் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், ஒற்றர் படம் எதுவாயினும் ஒரு வினாவுக்கு விடை கூறாது நகர முடியாது. பகைவன் யார் என்பதே அவ்வினா. அவன் எக்கொள்கையினன், நம்மிடையே எவ்வாறு வந்து சேர்ந்தான், அவனை ஒடுக்கும் உரிமை எவருக்கு உண்டு என்பன அதனைத் தொடர்ந்து எழுவன. இவ்வாறு நோக்கும்போது, ஒற்றர் படம் அடிப்படையில் அரசியல் சார்ந்ததொரு கலைவகை என்பது புலனாகும்.

இக்கூற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது, வோர்னர் சகோதரர் நிறுவனம் தயாரித்து 1939ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஒரு நாசி ஒற்றனின் வாக்குமூலங்கள்’ என்னும் திரைப்படமாகும். ஹிட்லரின் ஆட்சியைப் பெயர் சுட்டி எதிர்த்து, ஹொலிவூட்டின் பெரிய நிறுவனமொன்று வெளியிட்ட முதலாவது படம் இதுவே. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் திரைக்கு வந்த இப்படம், போர்க்காலத்தில் தோன்றிய ஒற்றர் படங்கள் பலவற்றுக்கு வழிகோலியது. இதன் நாயகன் எட்வேட் ஜி. றொபின்சன். இப்படத்தின் வரலாற்றையும் அந்நடிகரின் வாழ்க்கையையும் ஒருங்கே வைத்து நோக்கின், பகைவனைப் பெயர் சொல்லி அழைப்பதன் சிறப்பும், அவனை வெறும் அந்நியச் சதிகாரனாக மட்டும் காண்பதன் ஆபத்தும் ஒருசேரத் தெளிவாகின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மௌனத்தின் பொருளாதாரம்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஹொலிவூட்டின் பெரிய நிறுவனங்கள் நாசிசத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்நிறுவனங்கள் பலவற்றின் உரிமையாளர் யூதராயிருந்தும் இந்நிலையே நீடித்தது. இம்மௌனத்தைத் தனிமனிதரின் கோழைத்தனமாகக் கொண்டு அமைதியடைதல் பொருந்தாது. அதன் பின்னணியில் இரு வலுவான காரணிகள் இருந்தன.

முதலாவது காரணி சந்தையாகும். அமெரிக்கப் படங்களுக்கு ஜேர்மனி ஒரு முக்கிய ஏற்றுமதிக் களமாக விளங்கியது. உலகின் எப்பகுதியிலேனும் ஜேர்மனிக்கு இழிவு சேர்க்கும் படமொன்றை வெளியிடும் நிறுவனத்தின் இறக்குமதி அனுமதியை இரத்துச் செய்வதற்கு ஜேர்மன் திரைப்பட விதிகளில் இடமிருந்தது. அவ்விதிகளைச் செயற்படுத்தும் பணியை லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருந்த ஜேர்மன் துணைத்தூதர் கியோர்க் கிஸ்லிங் ஆற்றிவந்தார். அவர் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினார். படங்களை வெளியீட்டுக்கு முன்னரே பார்வையிட்டுக் காட்சிகளை நீக்குமாறு கோரினார். 1938இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் தயாரித்த ‘மூன்று தோழர்கள்’ இத்தகைய நெருக்குதலுக்கு உட்பட்ட படங்களுள் ஒன்றாகும். வோர்னர் நிறுவனம் 1934ஆம் ஆண்டளவிலேயே ஜேர்மன் சந்தையைக் கைவிட்டது. ஆனால் மெட்ரோ கோல்ட்வின் மேயர், பரமவுண்ட், பொக்ஸ் ஆகியன 1940 வரையும் அங்கு வணிகம் நடத்தின.

இரண்டாவது காரணி தணிக்கையாகும். 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் ஜோசப் பிறீன் தலைமையிற் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிக்கோவை, அரசாங்கத்தின் சட்டமன்று. திரைப்படத் தொழிலதிபர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. எல்லா நாடுகளின் வரலாற்றையும் நிறுவனங்களையும் முதன்மை வாய்ந்த மனிதரையும் நேர்மையாகச் சித்திரித்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது பாராட்டத்தக்க விதியாகவே தோன்றும். ஆனால், தன் குடிமக்களையே வேட்டையாடும் அரசொன்றை நோக்கி இவ்விதி நீட்டப்பட்டபோது, நடுநிலை என்பது கொடுமைக்குப் போர்த்திய போர்வையாக மாறியது. ஒடுக்குபவனுக்கும் ஒடுக்கப்படுபவனுக்கும் இடையே நடுநிலை பேணுவோர் நடைமுறையில் ஒடுக்குபவன் பக்கமே நிற்கின்றனர் என்ற உண்மைக்கு இவ்விதியின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

இவ்விரு காரணிகளும் சேர்ந்து எத்தகைய படங்களைத் தோற்றுவித்தன என்பதற்கு, 1938இல் வெளிவந்த ‘முற்றுகை’ என்னும் படத்தைச் சுட்டலாம். இடதுசாரி எழுத்தாளரான ஜோன் ஹவாட் லோசன் திரைக்கதை அமைத்த இப்படம் ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டது. ஆயினும் எத்தரப்பினர் குடியரசுவாதிகள், எத்தரப்பினர் பிராங்கோவின் படையினர் என்பதை அது வெளிப்படையாகக் கூறவில்லை. போரிடுவோர் பெயரற்றவராயினர், போரின் காரணமும் பெயரற்றதாயிற்று. 1936இல் சின்கிளையர் லூயிஸின் ‘இது இங்கு நிகழாது’ என்னும் நாவலைப் படமாக்கும் முயற்சியை மெட்ரோ கோல்ட்வின் மேயர் இடைநடுவிற் கைவிட்டதும் இச்சூழலிலேயே ஆகும்.

நீதிமன்றத்திலிருந்து திரைக்கு

இம்மௌனத்தை உடைப்பதற்கான வாய்ப்பு நீதிமன்ற வழக்கொன்றின் மூலம் கிடைத்தது. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் சிகையலங்கார நிலையம் நடத்திய ஜெஸி ஜோர்டன் என்னும் பெண்ணின் முகவரி, ஜேர்மன் ஒற்றர்களின் அஞ்சற் பரிமாற்றத்துக்குப் பயன்படுகின்றது என்பதைப் பிரித்தானியப் புலனாய்வுத் துறையினர் கண்டறிந்தனர். அக்கடிதங்கள் வாயிலாக அமெரிக்காவில் இயங்கிய ஒற்றர் வலையமைப்புப் பற்றிய தடயங்கள் வெளிப்பட்டன. 1938 பெப்ரவரியில், அமெரிக்கப் படையிலிருந்து தப்பியோடிய குந்தர் றம்ரிச் என்பவர் நியூயோர்க்கிற் கைதானார். அரசுச் செயலாளர் கோடெல் ஹல்லின் பெயரைச் சூட்டிக்கொண்டு, நிரப்பப்படாத கடவுச்சீட்டுகளைத் தொலைபேசி மூலம் கேட்டுப் பெற முயன்றதே அவரைச் சிக்கவைத்தது.

வழக்கைப் புலனாய்வு செய்தவர் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த லியோன் டுரோ. பதினெண்மர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஜேர்மனியில் இருந்தனர் அல்லது அங்குத் தப்பிச் சென்றனர். நால்வர் மட்டுமே அமெரிக்க நீதிமன்றத்தின் பிடியில் இருந்தனர். அந்நால்வரும் 1938ஆம் ஆண்டின் இறுதியில் தண்டனை பெற்றனர். டுரோ பணியிலிருந்து விலகித் தம் அனுபவங்களைப் பத்திரிகைக்கு எழுத முன்வந்தமை பணியகத் தலைவர் எட்கார் ஹூவரின் கடுஞ் சினத்துக்கு ஆளாயிற்று. வோர்னர் நிறுவனம் அவரது கதையை விலைக்கு வாங்கியது.

மில்ற்றன் கிறிம்ஸ், ஜோன் வெக்ஸ்லி ஆகிய இருவரும் திரைக்கதை அமைத்தனர். கியெவ் நகரிற் பிறந்து, ஜேர்மனியிற் படங்கள் இயக்கி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து வெளியேறிய அனற்றோல் லிட்வாக் இயக்குநரானார். திரைக்கதை தணிக்கைக்குச் சென்றபோது அதற்கு எதிர்ப்புத் தோன்றியது. கிஸ்லிங் பிறீனுக்கு எழுதித் தடை கோரினார். பிறீனின் அலுவலகத்துக்குள்ளும் மறுப்புகள் எழுந்தன. ஆனால் கதை முழுவதும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செய்திகளை அடிப்படையாகக் கொண்டிருந்தமையால், விதிக்கோவையின்படி அதனைத் தடுக்க வழியில்லை என்ற முடிவுக்குப் பிறீன் வரவேண்டியதாயிற்று. கற்பனைக் கதைக்கு மறுக்கப்பட்ட உரிமை ஆவணத்துக்குக் கிடைத்தது எனலாம்.

1939இன் தொடக்கத்திற் படப்பிடிப்பு நடந்தது. பாதுகாப்புக் கருதி வெளியார் எவரும் தளத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஜேர்மனியிலிருந்து புகலிடம் தேடி வந்த நடிகர்களுள், அங்கு எஞ்சியிருந்த உறவினருக்குத் தீங்கு நேருமென அஞ்சி மாற்றுப் பெயரில் நடித்தோரும் இருந்தனர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பெப்ரவரி 20ஆம் நாள், நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டன் மண்டபத்தில் ஜேர்மன் அமெரிக்க பூண்ட் என்னும் நாசி ஆதரவு இயக்கம் ஏறத்தாழ 20,000 பேரைத் திரட்டிப் பெருங் கூட்டமொன்றை நடத்தியது. திரையில் உருவாகிக்கொண்டிருந்த காட்சி வெளியே தெருவிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

படத்தின் வடிவம்

வேலையற்று, குடும்பத்தைக் காப்பாற்ற இயலாது, தன்னை ஒரு மேதையென எண்ணிக்கொண்டு திரியும் ஷ்னைடர் என்பவன் ஜேர்மன் உளவுத்துறைக்குத் தன் சேவையை வழங்க முன்வருகின்றான். இப்பாத்திரத்தை பிரான்சிஸ் லெடரர் ஏற்றார். நியூயோர்க்கில் மருத்துவத் தொழில் புரிந்துகொண்டே நாசி இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் டொக்டர் கசெல் பாத்திரத்தில் போல் லூக்காஸ் தோன்றினார். கடல் கடந்து கட்டளைகளைக் கொண்டுவரும் அதிகாரியாக ஜோர்ஜ் சான்டர்ஸ் நடித்தார். இவ்வலையமைப்பை அறுத்தெறியும் புலனாய்வாளர் எட் றெனாட் என்னும் பாத்திரமே றொபின்சனுக்குரியது.

இப்படத்தின் வடிவம் அக்கால ஹொலிவூட் மரபிலிருந்து வேறுபட்டது. செய்திப்படத் துணுக்குகளும், பின்னணியில் ஒலிக்கும் விளக்கவுரையாளரின் குரலும், நிலப்படத்தின் மீது பரவிச் செல்லும் சுவஸ்திகைக் குறியும் கதையோடு பின்னப்பட்டுள்ளன. காதல் இணை ஒன்றைச் சூழ்ந்து கதையை வளர்க்கும் வழக்கமும் இங்குக் கைவிடப்பட்டுள்ளது. இவ்வாவணப் பாங்கை இயக்குநரின் அழகியற் புதுமையாக மட்டும் கொள்ளலாகாது. தணிக்கைக்கும் அவதூறு வழக்குக்கும் ஈடுகொடுக்க வேண்டிய தேவையே அவ்வடிவத்தைப் பெருமளவுக்கு நிர்ணயித்தது. மெய்ப்பிக்கப்பட்டதை மட்டுமே சொல்ல முடியும் என்ற கட்டுப்பாடு, மெய்ப்பிக்கப்பட்டது போலச் சொல்லும் ஒரு நடையைப் பிறப்பித்தது. சமூக நெருக்கடி கலைவடிவத்தை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை ஆராய்வோருக்கு இது பயன்மிக்க சான்றாகும்.

இரு காட்சிகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கசெல் உரையாற்றும் கூட்டத்தில், முன்னாட் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியனைச் சேர்ந்த ஒருவர் எழுந்து மறுப்புக் கூறி, அடியாட்களால் தாக்கப்படும் காட்சி. மற்றையது, றெனாட் ஷ்னைடரை விசாரிக்கும் காட்சி. அங்கு வன்முறையோ உரத்த குரலோ இல்லை. ஷ்னைடரின் தற்பெருமையை இனங்கண்டு, அவனை ஒரு பெரிய ஒற்றனாக மதிப்பது போலப் பேசி, அவன் வாயாலேயே அனைத்தையும் வெளிக்கொணர்கின்றார் றெனாட். பாசிசத்தின் பால் ஈர்க்கப்படும் சிறுமனிதனின் உளவியல் இக்காட்சியில் நுட்பமாக வெளிப்படுகின்றது. தன்னை எவரும் மதிக்கவில்லை என்ற குறையே அவனை அவ்வியக்கத்திடம் கொண்டு சேர்த்தது. அதே குறையே அவனைக் காட்டியும் கொடுக்கின்றது.

இவ்விடத்திற் படத்தின் வரம்பையும் சுட்டுதல் வேண்டும். ஷ்னைடரின் வேலையின்மை காட்டப்படுகின்றது. அதனைத் தோற்றுவித்த பொருளாதார நெருக்கடி ஆராயப்படவில்லை. நாசிகளின் உளவுச் செயல்கள் விரிவாக இடம்பெறுகின்றன. யூதர் மீது அவர்கள் கட்டவிழ்த்துவிட்ட கொடுமை படத்தின் மையத்துக்கு வரவில்லை. பாசிசம் என்பது முதலாளித்துவ சமுதாயம் எதிர்கொண்ட நெருக்கடியின் ஒரு விளைவாக அன்றி, கப்பலேறி வந்திறங்கிய அந்நியச் சரக்காகவே காட்சி தருகின்றது. அதற்கான மருந்தும் காவற்றுறையினதும் நீதிமன்றத்தினதும் கையிலேயே வைக்கப்படுகின்றது. அமெரிக்காவின் சொந்த இனப் பாகுபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வரம்பு பிற்காலத்தில் எத்தகைய விளைவுக்கு இடமளித்தது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

நாயகனின் வாழ்வும் பாத்திரமும்

எட்வேட் ஜி. றொபின்சனின் இயற்பெயர் இம்மானுவேல் கோல்டன்பேர்க். 1893 டிசெம்பர் 12ஆம் நாள் ருமேனியாவின் புக்கரெஸ்ற் நகரில், இத்திஷ் மொழி பேசும் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவருடைய சகோதரர் ஒருவர் யூத எதிர்ப்பாளரால் தாக்கப்பட்டமை, அக்குடும்பம் புலம்பெயர்வதற்கான காரணங்களுள் ஒன்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் நியூயோர்க்கிற் குடியேறினர். நியூயோர்க் நகரக் கல்லூரியிற் பயின்ற றொபின்சன், புலமைப்பரிசில் பெற்று அமெரிக்க நாடகக் கலைக்கழகத்திற் சேர்ந்து, நாடக மேடையிற் பல ஆண்டுகள் நடித்த பின்னரே திரைக்கு வந்தார்.

1931இல் வெளியான ‘லிட்டில் சீசர்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. குட்டையான உருவம், அகன்ற முகம், கடித்துத் துப்பும் சொற்கள் என்பவற்றால் கொள்ளைக் கும்பற் தலைவன் என்னும் பாத்திர வகைக்கே அவர் ஓர் அச்சு வார்த்தார். நிஜவாழ்விலோ அவர் மென்மையானவர். பல மொழிகள் அறிந்தவர். பிரெஞ்சு நவீன ஓவியங்களைத் தேர்ந்து சேகரித்தவர். ஹொலிவூட்டின் இலக்கணத்துக்கு அமைந்த அழகிய நாயகர் வரிசையில் அவருக்கு இடமில்லை. உருவத்தால் அன்றி நடிப்பாற்றலால் நாயகனானவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

நாசி எதிர்ப்பு இயக்கத்தில் அவர் முன்னரே ஈடுபட்டிருந்தார். 1936இல் தோன்றிய ஹொலிவூட் நாசி எதிர்ப்புக் கழகத்தின் செயற்பாடுகளுக்கு அவரது ஆதரவு இருந்தது. 1938 டிசெம்பரில், ஜேர்மனியுடனான பொருளாதார உறவைத் துண்டிக்குமாறு கோரிய ஐம்பத்தறுவர் குழுவினர் அவருடைய இல்லத்திலேயே ஒன்றுகூடினர். ஒற்றர் வழக்குப் படமாகப் போகின்றது என்பதை அறிந்ததும், தம் இனமக்களுக்காக அதில் நடிக்க விரும்புவதாகத் தயாரிப்பாளர் ஹல் வொலிஸுக்கு அவரே எழுதினார்.

றெனாட் பாத்திரம் படத்தின் ஏறக்குறைய நடுப்பகுதியிலேயே தோன்றுகின்றது. முதன்மை நட்சத்திரம் ஒருவர் இத்தகைய தாமதத்துக்கு இணங்குவது அந்நாளில் அரிது. அப்பாத்திரத்தில் அவர் கையாண்ட அடக்கம் அதனினும் குறிப்பிடத்தக்கது. கொள்ளைக்காரனாக நடித்தபோது முகத்திலும் கையிலும் தெறித்த வேகம் இங்கு முற்றாக ஒடுங்கியுள்ளது. புகைக்குழாயைக் கையிற் பிடித்தபடி, எதிரில் இருப்பவன் பேசுவதைப் பொறுமையோடு கேட்கும் மனிதனாக அவர் அமர்ந்திருக்கின்றார். மேடைகளில் நாசிகள் எழுப்பும் கூச்சலுக்கு எதிர்நிலையாக இவ்வமைதி நிறுத்தப்படுகின்றது. பாசிசத்தின் முழக்கத்துக்கு மறுமொழி இன்னொரு முழக்கமன்று, அறிவின் நிதானமே என்ற கருத்தை வசனத்தினும் நடிப்பே வலுவாகக் கூறுகின்றது.

எதிர்வினைகள்

1939 ஏப்ரில் 27ஆம் நாள் இப்படத்தின் முதற் காட்சி நடைபெற்றது. ஜேர்மன் அரசு கண்டனம் தெரிவித்தது. பூண்ட் இயக்கத் தலைவர் பிறிற்ஸ் கூன் 50 இலட்சம் டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடர்ந்தார். ஆனால் அவ்வாண்டு இறுதியில் அவரே தம் இயக்கத்தின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். ஜேர்மனியிலும் அதன் நட்பு நாடுகளிலும் மட்டுமன்றி, ஜேர்மனியின் பகைக்கு அஞ்சிய வேறு பல நாடுகளிலும் படம் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவின் தேசிய திரைப்பட மதிப்பீட்டுச் சபை அதனை அவ்வாண்டின் சிறந்த ஆங்கிலப் படமாகத் தெரிவு செய்தது. போர் ஐரோப்பாவில் பரவியதைத் தொடர்ந்து, 1940இற் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது.

வழி திறக்கப்பட்டபின் ஏனையோரும் வந்தனர். 1940இல் மெட்ரோ கோல்ட்வின் மேயரின் ‘மரணப் புயல்’, சார்லி சப்ளினின் ‘மகா சர்வாதிகாரி’ என்பன வெளிவந்தன. அமெரிக்கா போரில் இறங்கிய பின் வந்த ‘காசபிளாங்கா’ (1942) முதலிய படங்களுக்கு, பகைவனின் பெயரைச் சொல்வது ஒரு துணிவாக இருக்கவில்லை. அரசின் கொள்கையாகவே இருந்தது.

ஆயின் 1941இன் நிலைமை வேறு. அவ்வாண்டு செப்டெம்பரில், ஹொலிவூட் போர்ப் பிரசாரம் செய்கின்றது என்ற குற்றச்சாட்டை விசாரிக்க செனற் சபையின் உபகுழுவொன்று கூடியது. செனற்றர் ஜெரால்ட் நை முதலியோர், வெளிநாட்டிற் பிறந்த திரைப்பட அதிபர்கள் அமெரிக்காவைப் போருக்குள் இழுக்கின்றனர் என்றனர். அக்கூற்றின் அடியில் யூத வெறுப்பு ஓடியதைப் பலரும் உணர்ந்தனர். ‘வாக்குமூலங்கள்’ சந்தேகத்துக்குரிய படங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. ஹரி வோர்னர் குழுவின் முன் தோன்றி, தம் நிறுவனம் உண்மையையே படமாக்கியது என வாதிட்டார். தாம் குறைகூறிய படங்களிற் பலவற்றை செனற்றர்களே பார்த்திருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதோடு விசாரணை கைவிடப்பட்டது.

திரும்பி வந்த வாள்

இதுவரை கூறியவற்றோடு வரலாறு முடிந்திருந்தால், இதனைத் துணிவின் வெற்றிக் கதையாகக் கூறி முடித்துவிடலாம். ஆயின் போருக்குப் பிந்திய ஆண்டுகள் அதற்கு இடந்தரவில்லை.

1947 ஒக்டோபரில், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் பிரதிநிதிகள் சபைக் குழு ஹொலிவூட்டின் பக்கம் திரும்பியது. இப்போது தேடப்பட்ட பகைவன் கம்யூனிஸ்ட். முன்வந்து சாட்சியளித்தோருள் ஜக் வோர்னரும் ஒருவர். தமது நிறுவனத்திற் பணியாற்றிய எழுத்தாளர் பலரைச் சந்தேகத்துக்கு உரியோராகக் குழுவினரிடம் அவர் குறிப்பிட்டார். ‘வாக்குமூலங்கள்’ படத்தின் திரைக்கதையாசிரியர் ஜோன் வெக்ஸ்லி, ‘காசபிளாங்கா’வின் எழுத்தாளர்களுள் ஒருவரான ஹவாட் கொச் ஆகியோரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். இருவரும் கறுப்புப் பட்டியலுக்கு இரையாயினர்.

றொபின்சன் கம்யூனிஸ்ட் கட்சியில் ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை. ஆயினும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பாசிச எதிர்ப்பு, அகதிகள் நலன், இன சமத்துவம் ஆகியவற்றுக்காக அவர் வழங்கிய நன்கொடைகளும் இட்ட கையொப்பங்களும் இப்போது குற்றச் சான்றுகளாகத் தோண்டியெடுக்கப்பட்டன. 1950 யூனில் வெளியான ‘சிவப்பு அலைவரிசைகள்’ என்னும் வெளியீடு அவரது பெயரையும் சந்தேகத்துக்குரியோர் வரிசையிற் சேர்த்தது. ஹிட்லரைக் காலத்துக்கு முந்தி எதிர்த்தமையே ஒருவரின் குற்றமாகும் விந்தை நிகழ்ந்தது.

தம்மீது படிந்த கறையைத் துடைக்கும் நோக்கத்தோடு 1950இலும் 1952இலும் அவர் அக்குழுவின் முன் தோன்றினார். தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்பதை வலியுறுத்துவதோடு விடுதலை கிடைக்கவில்லை. தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தம்மை ஏமாற்றியோராகச் சிலரின் பெயர்களையும் கூற நேர்ந்தது. 1952இல், கம்யூனிஸ்டுகள் தம்மை எவ்வாறு ஏமாளியாக்கினர் என்ற பொருளில் அவர் பெயராற் கட்டுரையொன்று வெளிவந்தது. அது வெளிவந்த ஏடு அமெரிக்கன் லீஜியன் சங்கத்தின் சஞ்சிகை. ‘வாக்குமூலங்கள்’ படத்திலே நாசிக் கூட்டத்தின் நடுவே துணிந்தெழுந்த மனிதன் அச்சங்கத்தைச் சேர்ந்தவனாகவே காட்டப்பட்டான் என்பதை ஈண்டு நினைவுகூரல் தகும். அவ்வேடத்தில் நடித்த வாட் பொண்ட், பின்னாளில் ஹொலிவூட்டின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அமைப்பின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகிக் கறுப்புப் பட்டியலை வலுப்படுத்தியவர்.

1951இல் அதே வோர்னர் நிறுவனம் ‘கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்துக்காக நான் ஒரு கம்யூனிஸ்ட்டாக இருந்தேன்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு படத்தை வெளியிட்டது. அந்நியச் சதி, இரகசியக் கூட்டங்கள், உள்ளிருந்து உளவறியும் வீரன், காவற்றுறையே காப்பரண் என்ற முடிவு என, 1939இல் வார்த்த அச்சே மீண்டும் பயன்படுத்தப்பட்டது. புனைவு மிகுந்த அப்படம் ஆவணப்படப் பிரிவில் ஒஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டமை, ஆவணப் பாங்கு என்னும் நடை எத்துணை எளிதிற் கைமாறக்கூடியது என்பதைக் காட்டுகின்றது. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மையைச் சொல்வதற்காகப் பிறந்த வடிவம், மெய்ப்பிக்கப்படாத ஐயத்தை உண்மைபோலக் காட்டுவதற்கு உதவியது.

இவ்விரு படங்களையும் சமப்படுத்துதல் பெருந்தவறாகும். நாசி ஒற்றர் வலையமைப்பு உண்மையாகவே இருந்தது. ஹிட்லரின் ஆட்சி உலகை அழிவுக்குள் தள்ளியது. 1939இல் அதனைச் சொன்னோர் உண்மையின் பக்கம் நின்றனர். ஆயின் பாசிசத்தைச் சமூக வேர்களோடு காட்டாது, உள்ளே நுழைந்த அந்நியனின் சதியாக மட்டும் காட்டிய பார்வை, பகைவனின் இடத்தை வெற்றிடமாக விட்டுச்சென்றது. அவ்விடத்தில் எப்பெயரையும் எழுதிக்கொள்ளும் வசதி அதிகாரத்தின் கையில் இருந்தது. நாசி என எழுதப்பட்ட இடத்தில் கம்யூனிஸ்ட் எனவும், பின்னர் பாசிசத்தை எதிர்த்த கலைஞன் எனவும் எழுதப்பட்டது. விசாரிப்பவராகத் திரையில் அமர்ந்திருந்தவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் விசாரிக்கப்படுபவராக மறுபக்க நாற்காலியில் அமர்த்தப்பட்டார்.

முடிவுரை

விசாரணைகளின் பின் றொபின்சனுக்குச் சில காலம் சிறு தயாரிப்புப் படங்களே கிடைத்தன. 1956இல், தீவிர வலதுசாரியான செசில் பி. டி மில் தமது ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில் அவருக்கு வாய்ப்பளித்த பின்னரே பெரும் படங்களின் கதவு மீண்டும் திறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் திரையில் நடித்தும் ஒஸ்கார் பரிசுக்கு ஒருமுறையேனும் அவர் பெயர் பரிந்துரைக்கப்படவில்லை. 1973 ஜனவரி 26ஆம் நாள் அவர் காலமானார். அதே ஆண்டு மார்ச்சில், அவர் மறைந்து இரு மாதங்களின் பின், சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது.

இப்படத்தையும் இந்நடிகரையும் இன்று மீள நோக்குவோர் இரு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். சந்தையும் தணிக்கையும் சேர்ந்து மௌனம் காத்த காலத்தில் கொடுமையைப் பெயர் சொல்லிச் சுட்டியமை இப்படத்தின் அழியாத பெருமையாகும். எவ்வகை நடுநிலை வாதமும் அப்பெருமையைக் குறைக்காது. அதேவேளை, பெயரைச் சொல்வது மட்டும் போதியதன்று என்பதற்கும் இப்படத்தின் பின்வரலாறே சான்று. கொடுமையின் பெயரோடு அதன் காரணத்தையும் மக்கள் அறிந்திருப்பின், ஆட்சியாளர் விரும்பியபோதெல்லாம் அப்பெயரைப் பிறர்மேல் ஒட்டுதல் எளிதாகாது. காரணத்தைக் காட்டாத கலை, தான் சுட்டிய விரலையே பிறிதொரு நாள் தன்னை நோக்கித் திரும்பக் காண நேரிடும். றொபின்சனின் வாழ்வு எமக்கு உணர்த்துவது இதுவே.